பூனையின் வாலைக் கதவு எப்படி அறிகிறது?

வளர்ப்புப் பிராணிகளுக்கான மோட்டார் கதவு மூடும்போது இடையில் பூனையோ நாயோ நிற்பதை உணர எளிய வழி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளப்பதாகும். நேர்மின் மோட்டார் சுழல்கையில், ஊட்டப்படும் மின்னழுத்தத்தை எதிர்க்கும் பின்மின்னியக்கு விசை அதன் சுருள்களில் பிறந்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்துகிறது. தடை குறுக்கிட்டுச் சுழற்சி தளர்ந்தால் அவ்வெதிர்ப்பு குறைந்து மின்னோட்டம் ஏறுவதால், அது வரம்பு மீறியதும் கட்டுப்பாட்டுச் சில்லு மோட்டாரை எதிர்த்திசையில் சுழற்றுகிறது. புறப்படும் கணத்திலும் மின்னோட்டம் இவ்வாறே உயருமாகையால், தொடக்க அளவீட்டைச் சில்லு புறக்கணிக்க வேண்டும்.

கயிற்றில் தொங்கித் தன் எடையால் இறங்கும் கதவிலோ இம்முறை ஏமாற்றிவிடும்: பலகை பூனையின் முதுகில் அமர்ந்துவிட்டாலும் மோட்டார் கயிற்றை விட்டுக்கொண்டே இருக்கும், மின்னோட்டம் ஏறாது. அங்கே கயிறு தொய்வதை உணரும் சுவிட்சே பொருத்தம்.

தொடாமலே உணரும் அகச்சிவப்புக் கதிர் மேலெனத் தோன்றினும், ஒற்றைக் கதிருக்குக் கீழே கிடக்கும் வாலை அது அறியாது. ஆகவே செலவு கூடினும் மின்னோட்ட அளவீடு, கதிர் ஆகிய இரு முறைகளையும் இணைப்பதே அறிவுடைமை. ஆனால் மின்னோட்ட வரம்பை மிகத் தாழ்த்தினால், குளிரில் இறுகிய ரப்பர் விளிம்பின் உராய்வையே தடையெனக் கருதி, கதவு மூட மறுத்து மீண்டும் மீண்டும் திறந்துகொள்ளும்.