மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு

இலங்கையின் மலையகத்தில் துடுப்பாட்டப் பயிற்சியின் முதல் வேலை, மென்பந்தில் தேறிய பிள்ளையைக் கடினப்பந்துக்குப் பழக்குவது. மீரியபெத்தவைச் சுற்றிய கொஸ்லந்தை மலைகளிலும் ஊவா மாகாணத்தின் மற்றத் தேயிலைத் தோட்டங்களிலும் கிரிக்கெட் பெரும்பாலும் டென்னிஸ் பந்தில்தான் தொடங்குகிறது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலோ தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு துண்டுச் சமதரையோ போதும்.

டென்னிஸ் பந்து சுமார் 58 கிராம். கடினப்பந்து 156 முதல் 163 கிராம். 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம். மென்பந்து உயர எழும்பும், மேலே பட்டாலும் பெரிதாக வலிக்காது. அதனால் பிள்ளை காலை நகர்த்தாமல், கீழ்க்கையின் பலத்தில் எதையும் லெக் பக்கம் இழுத்துத் தூக்கப் பழகிவிடுகிறது. கடினப்பந்தோ காற்றில் வளையும், தையல் தரையில் பட்டால் திசை மாறும். அதே வீச்சுக்கு அது மட்டையின் விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் பிடியாகும்.

திருத்தம் பிடியில் தொடங்குகிறது. இரு கைகளிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடம் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். பிறகு மேல்கையால் மட்டும் மட்டையைப் பிடித்து, பயிற்றுநர் கிட்ட நின்று போடும் பந்தை நேராகத் தள்ளச் சொல்லவேண்டும். முதலில் மணிக்கட்டு ஆடும், மட்டை சாயும். சில நாளில் முழங்கை உயர்ந்து, மட்டை பந்தின் பாதையிலேயே வரத் தொடங்கும். அதைப் பார்ப்பது பயிற்றுநருக்குப் பெரிய மகிழ்ச்சி.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகப் பந்து ஆடுகளத்தின் ஒரு முனைக் கோட்டிலிருந்து மறுமுனைக் கோட்டை எட்ட ஏறத்தாழ 0.65 விநாடிதான் எடுக்கும். அதற்குள் நீளத்தைக் கணித்துக் காலை முன்னாலோ பின்னாலோ வைத்தாக வேண்டும். இந்தக் கண்பழக்கத்துக்குச் செலவில்லை. அவுஸ்திரேலியாவின் டொன் பிராட்மன் சிறுவயதில் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் எறிந்து, திரும்பி வருவதை ஒற்றை ஸ்டம்பால் அடித்தே பழகினார். லயத்துச் சுவரும் டென்னிஸ் பந்தும் அதே வேலையைச் செய்யும். கடினப்பந்துக்கு மட்டும் தலைக்கவசமும் காற்காப்பும் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் நிறுத்தவே கூடாது.

போட்டித் திறனில் அதிகம் விடுபடுவது ஓட்டம். பந்து முன்னால் போனால் அடித்தவர் குரல் கொடுக்கவேண்டும். பின்னால் போனால் எதிர்முனையில் நிற்பவர். கோட்டை நெருங்கும்போது மட்டையைத் தரையோடு சறுக்கவிட வேண்டும். தூக்கிப் பிடித்தபடி ஓடினால், கோட்டைக் கடக்கும் முன்பே ஸ்டம்பு சரிந்திருக்கும்.