பறைக்கு ஒரு கூடம்: திண்டுக்கல் சக்தி மையத்திடம் பெரம்பலூரும் அரியலூரும் கற்க வேண்டியது

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவன் முதலாம் இராஜேந்திரன். அவனுடைய தந்தை இராஜராஜன் தஞ்சையில் எழுப்பிய பெரிய கோயிலின் கல்வெட்டுகள், ஆடற்பணிக்கு அமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயரும் இருப்பிடமும் குறித்துப் பதிவு செய்கின்றன. அதே கல்வெட்டுகள், ஊர்களின் நிலக்கணக்கில் வரி நீங்கலான இடங்களாகப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிப்பிடுகின்றன. அந்தக் கணக்கில் அங்கு வாழ்ந்தோருக்குப் பெயரில்லை. எக்கலைக்குக் கூரை கிடைக்கும், எது சேரியிலேயே நிற்கும் என்பதை அதிகாரம் தீர்மானித்துவந்த வரலாறு அவ்வளவு பழையது.

நவீன காலத்திலும் அது மாறிவிடவில்லை. 1936இல் ருக்மிணி தேவி சென்னையில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, சதிராட்டம் பரதநாட்டியமாக மறுவடிவம் பெற்றதில் பெரும்பங்கு வகித்தது. 1993இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. பறைக்கான பயிற்சிக்கூடத்தையோ ஒடுக்கப்பட்டோரிடையே பணியாற்றியவர்களே உருவாக்க வேண்டியிருந்தது.

மையத்தின் தொடக்கம்

அத்தகைய முயற்சிகளுள் முதன்மையானது, 1990இல் திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவும் அதன் பயிற்சி மையமும். அண்ணல் அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித் தமிழகத்தில் தலித் எழுச்சி வேர்கொண்ட காலம் அது. பறையைக் குறித்து அன்று இரு நிலைப்பாடுகள் எழுந்தன. சாவுக்குப் பறையடிப்பது சாதி சுமத்திய ஊழியம், ஆகவே பறையையே கைவிட வேண்டும் என்றனர் ஒரு சாரார். ஊழியத்தை மறுத்து, கருவியைக் கலையாக மீட்க வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். பறையடிக்க மறுத்தவர்கள் தாக்குதலுக்கும் ஊர்விலக்குக்கும் ஆளான அனுபவத்திலிருந்தே முதல் நிலைப்பாடு பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது. சக்தி மையம் இரண்டாம் பாதையைத் தேர்ந்தது.

மையத்தின் சிறப்புகள்

மரபில் பறையை இசைத்தவர்கள் ஆண்கள். சக்தி மையமோ அதனைத் தலித் இளம்பெண்களின் கையில் கொடுத்தது. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள் அங்கே தங்கிப் பயில்கின்றனர். மரவளையத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டிய கருவியைத் தீயில் காய்ச்சிச் சுதியேற்றுவது, அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையாள்வது, அடிக்கேற்ப ஆடுவது ஆகியன பயிற்சியின் ஒரு பகுதி. கும்மி, கோலாட்டம், வீதி நாடகம் ஆகியனவும் உண்டு. இவற்றுடன் தையற்பயிற்சியும், சாதியையும் பாலினத்தையும் குறித்த கலந்துரையாடலும் சேர்கின்றன. ஆகவே அங்கே கலை, பிழைப்பு, அரசியல் ஆகிய மூன்றும் ஒரே பாடத்திட்டம். தொடத் தகாததென்று இழிக்கப்பட்ட தோலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் பொதுவெளியில் நிமிர்ந்து ஆடும்போது, சாதி வகுத்த விதியும் ஆணாதிக்கம் வகுத்த விதியும் ஒருசேர மீறப்படுகின்றன. அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இம்மையத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்துள்ளார்.

பெரம்பலூர், அரியலூருக்கு வேண்டியது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காடு. அரியலூரில் ஏறத்தாழ 23 விழுக்காடு. சோழர் பெருமையைக் கொண்டாட அரசு விழா எடுக்கும் மண்ணில், இம்மக்களின் கலைக்கும் பொதுப்பணத்தில் உரிய பங்கு வேண்டும். 2007இல் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் அமைந்தது. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் நலவாரிய உதவியும் விருதும் நிலையான கூடத்துக்கு மாற்றாகா.

இவ்விரு மாவட்டங்களில் பறைக்கென ஒரு கலை மையம் அமையுமாயின் நான்கு கூறுகளை நாம் வலியுறுத்துகிறோம். ஒன்று, அது சேரியின் ஓரத்தில் அன்றி மாவட்டத் தலைநகரின் பொதுவிடத்தில் அமைய வேண்டும். இரண்டு, பயிற்றுவிக்கும் ஆசான்களுக்கு மாத ஊதியம் வேண்டும். மூன்று, பெண்களுக்குத் தங்கிப் பயிலும் வசதி வேண்டும். நான்கு, நிருவாகக் குழுவில் பறைக்கலைஞர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் கட்டாய ஊழியத்தைக் குற்றமெனக் கூறுகிறது. எனினும் இழவு வீட்டுக் கூலியே ஒரு கலைஞரின் ஒரே வருவாயாக இருக்கும்வரை, ஊழியத்தை மறுக்கும் துணிவு அவருக்குப் பட்டினியையே தரும். அவருக்கு வேறு மேடையும் வேறு வருவாயும் தரவல்ல கூடத்தையே நாம் கோருகிறோம்.