ஐம்பது கிராம் தீவனம், ஒரு சதுர மீட்டர் கீரை

வீட்டில் அக்வாபோனிக்ஸ், அதாவது ஒரே நீரில் மீனையும் செடியையும் சேர்த்து வளர்க்கும் அமைப்பு, வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தொட்டி வாங்குவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அதில் எத்தனை மீன் விடலாம், எத்தனை செடி நடலாம் என்பதெல்லாம் பிறகுதான். கணக்கை மறுமுனையிலிருந்து போட்டால் சிக்கல் குறையும். எவ்வளவு கீரை வேண்டும் என்று முடிவு செய்தால், தினமும் எத்தனை கிராம் தீவனம் போட வேண்டும் என்பது தெரிந்துவிடும். மீன், தொட்டி, பம்பு எல்லாவற்றின் அளவும் அந்தக் கிராமிலிருந்து வரும்.

செடிக்குப் போகும் உரம் ஏறக்குறைய முழுவதும் மீன் தீவனம் வழியாகத்தான் உள்ளே வருகிறது. தின்ற மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றும். அது மீனுக்கு நஞ்சு. பாத்தியில் உள்ள கற்களின் மேல் படிந்து வாழும் நைட்ரோசோமோனஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும். நைட்ரைட்டும் நஞ்சுதான். நைட்ரோஸ்பைரா போன்றவை அதை நைட்ரேட்டாக்கிய பிறகு செடி உறிஞ்சிக்கொள்ளும்.

வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் திலாப்பியாவையும் காய்கறிகளையும் சேர்த்து வளர்த்த ஜேம்ஸ் ரகோசி, மிதவைப் பாத்தியில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் தீவனம் என்ற விகிதத்தை வகுத்தார். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014-இல் வெளியிட்ட சிறு அமைப்புகளுக்கான கையேடு கீரை வகைகளுக்கு 40–50 கிராம், காய்க்கும் பயிர்களுக்கு 50–80 கிராம் என்கிறது.

ஒரு சதுர மீட்டர் கீரைப் பாத்தி என்று வைத்துக்கொள்வோம். தினம் 50 கிராம் தீவனம். வளர்ந்த மீன் ஒரு நாளில் தன் எடையில் 1 முதல் 2 சதவீதம் தின்னும். அப்படியானால் இரண்டரை முதல் ஐந்து கிலோ மீன் வேண்டும். 1000 லிட்டருக்கு 10 கிலோ மீன் புதியவர்களுக்குப் பத்திரமான அளவு. 500 லிட்டர் தொட்டி போதும். இந்த நீர் மணிக்கு ஒரு முறையாவது பாத்தி வழியாகச் சுற்றி வர வேண்டும். பம்பின் பெட்டியில் அச்சிட்டிருப்பது நீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. ஏற்ற ஏற்ற அது குறையும். ஆகவே மணிக்கு 1000 லிட்டர் தள்ளும் பம்பாக வாங்குவது நல்லது.

பாத்தி 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். அரை முதல் முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லியைத் தூசி போகக் கழுவி நிரப்பலாம். முதலில் ஒரு கைப்பிடி ஜல்லியில் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, வேண்டாம். நீரோடு சேர்ந்த ஜல்லி சதுர மீட்டருக்கு அரை டன்னைத் தாண்டும் என்பதால், பொறியாளரைக் கேட்காமல் மொட்டை மாடியில் வைக்கக் கூடாது.

பாத்தியை நிரப்பி வடிக்க பெல் சைஃபன் போதும். பாத்தியில் நிற்கும் வடிகுழாயின் மேல், தலை அடைத்த அகலமான குழாயைக் கவிழ்த்து அதன் அடியில் துளைகள் போட வேண்டும். நீர் வடிகுழாயின் வாயைத் தாண்டி வேகமாக வழியும்போது உறிஞ்சல் தொடங்கும். மட்டம் துளை வரை இறங்கியதும் காற்று புகுந்து உறிஞ்சல் நின்றுவிடும். நீர் வடியும் நேரத்தில்தான் வேருக்கும் பாக்டீரியாவுக்கும் காற்று கிடைக்கிறது. மேல் 5 சென்டிமீட்டர் ஜல்லி நனையாதபடி வடிகுழாயின் உயரத்தை வைத்தால் பாசியும் தண்டழுகலும் குறையும். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவை மீனுக்கு ஆகாது, பி.வி.சி. குழாயே போதும். தொட்டிக்குத் தனி ஏரேட்டர் வைத்து, அதை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள்.

பாக்டீரியா பெருக, வெப்பமான நம் ஊரிலும் நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை சில மீன்களை மட்டும் விட்டு, தீவனத்தைக் கையைச் சுருக்கிப் போடுங்கள். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் பரிசோதனைக் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கி, நைட்ரேட் தென்பட்ட பிறகு மீனைக் கூட்டலாம். பிஹெச் 7-க்குச் சற்றுக் கீழே இருந்தால் மீன், செடி, பாக்டீரியா மூன்றுக்கும் ஒத்துவரும். அது 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நஞ்சான பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகும். உப்பான போர் தண்ணீர் உள்ளவர்கள் மழைநீரைச் சேமித்துக் கலப்பது நல்லது.

தொடக்கத்தில் கெண்டை வளர்க்கலாம். இந்தியாவில் ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை உண்டு. திலாப்பியாவுக்கு அனுமதி வேண்டும். செடிகளில் புதினா, பசலை, தண்டுக்கீரை முதலில் கைகொடுக்கும். தக்காளி, மிளகாயைச் சில மாதம் கழித்து நடுங்கள். தீவனத்தில் செடிக்குப் போதாதவற்றில் ஒன்று இரும்பு. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடையே மஞ்சளாகவும் தெரிந்தால் கொஞ்சம் கிலேட் இரும்பு சேர்க்க வேண்டும். பூச்சிக்கு மருந்து அடித்தால் அது மீனுக்குப் போகும். வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும்கூட ஆகாது. கையால் பொறுக்குவதும் மஞ்சள் ஒட்டும் அட்டையும்தான் வழி.

மீன் பத்து நிமிடத்தில் தின்று முடிக்காததை வலையால் அள்ளிவிடுங்கள். மிச்சம் தொடர்ந்தால் அளவைக் குறைத்து, நீரைச் சோதியுங்கள். மீன் வளர வளரத் தீவனம் 50 கிராமைத் தாண்டும். நைட்ரேட்டும் தேங்கத் தொடங்கும். அப்போது பெரிய மீன்களைக் குழம்புக்கு எடுக்கலாம், அல்லது இன்னொரு பாத்தி சேர்க்கலாம்.