திண்ணை

தெருவாசலை ஒட்டி, கதவுக்கு இருபுறமும் எழுப்பிய மேடைதான் திண்ணை. பழைய வீடுகள் சிலவற்றில் அதன் ஒரு முனையைச் சரிவாக உயர்த்திப் பூசியிருப்பார்கள். தலை சாய்க்க அதுவே தலையணை. வீட்டுக்காரர் மட்டுமல்ல, இருட்டிய பின் ஊருக்குள் வரும் வழிப்போக்கரும் அதில் படுத்துக்கொள்வார்கள், அந்தக் காலத்தில். எவ்வளவு பெரிய மனசு!

அன்று பகலில் அதே இடம் பள்ளிக்கூடம். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் 'அ' எழுதிப் பழகுவார்கள். வாத்தியாருக்குத் துணையாக மூத்த மாணவர் ஒருவர் சட்டாம்பிள்ளையாக இருப்பார். தமிழறிஞர் உ.வே.சாமிநாதையர் எழுத்துப் படித்ததும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில்தான்.

பேச்சுவழக்கிலோ திண்ணைக்குக் கெட்ட பெயர். வேலைவெட்டி இல்லாதவர் 'திண்ணைதூங்கி'. வெட்டி அரட்டை 'திண்ணைப் பேச்சு'. அடுத்தவர் இடத்தின்மேல் கண்வைத்துக் காத்திருப்பவரை, 'கிழவி எப்போ சாவா, திண்ணை எப்போ காலியாகும்' என்று பழமொழி குத்திக்காட்டும். இத்தனை பேருக்கு எழுத்தறிவித்த இடத்துக்கு இது நியாயமே இல்லை.

ஆனால் அரசியலில் திண்ணைக்கு மதிப்பு உண்டு. ஒலிபெருக்கி இல்லாமல், வாக்காளர்களோடு உட்கார்ந்து பேசி ஆதரவு திரட்டுவதற்கு இன்றும் 'திண்ணைப் பிரசாரம்' என்றுதான் பெயர். திண்ணையே இல்லாத தெருவிலும்கூட.