முகவரியின் வாலில் ஓர் எண்

சதுரங்கப்பட்டினத்தில் ரயில் நிலையம் கிடையாது. செங்கல்பட்டுக்குப் போய்த்தான் ரயிலேற வேண்டும். டிக்கெட்டை மட்டும் டச்சுக் கோட்டை வாசலில் நின்றபடியே கைப்பேசியில் எடுத்துவிடலாம். அப்படி எடுத்த டிக்கெட்டை முன்பின் தெரியாத ஒருவர் பார்க்கவும் ரத்து செய்யவும் வழி இருப்பதை 2021 ஆகஸ்டில் கண்டுபிடித்தவர், இதே மாவட்டத்தின் தாம்பரத்தில் பிளஸ் டூ படித்த 17 வயது மாணவர்.

ரயில் டிக்கெட் விற்கும் ஐஆர்சிடிசி தளத்தில் தன் டிக்கெட்டுக்குரிய பரிவர்த்தனை எண்ணை மாற்றிப் பார்த்தார். அடுத்தவர் பெயர், வயது, பிஎன்ஆர் எண் எல்லாம் வந்து நின்றன. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். ஐந்தே நாளில் ஓட்டை அடைபட்டது.

பொதுவாக, இணையதளங்களின் தரவுத்தளம் பதிவுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண் போடும். அதை அப்படியே இணைய முகவரியின் வாலில் ஒட்டுவது பலருக்குப் பழக்கம். உங்கள் பில் 4051 என்றால், 4052 யாருடையது என்று பார்க்கக் கை பரபரக்கும். அடுத்த வாரம் அதே கடையில் 4751 வந்தால், வாரத்துக்கு 700 பில் என்று போட்டிக் கடைக்காரரும் கணக்குப் போட்டுவிடுவார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் டாங்கி உற்பத்தியை நேச நாடுகள் கணித்ததும் இப்படி வரிசை எண்களை வைத்துத்தான்.

இந்த எண்ணைக் குட்டி எழுத்துச் சரமாக்கி, வேண்டும்போது மறுபடி எண்ணாக்கித் தரும் இலவச நிரல்தொகுப்பு ஹாஷிட்ஸ். 2023 முதல் அதன் பெயர் ஸ்குவிட்ஸ். தற்செயலாகக் கெட்ட வார்த்தை உருவாகிவிடாமல் தவிர்க்கவும் அதில் ஏற்பாடு உண்டு.

இப்படி மாற்றும் நிரலைத் தளத்தின் பக்கத்துக்குப் பக்கம் எழுதி வைத்தால், நாளை சரத்துக்கான எழுத்துவரிசையை மாற்றும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எண்ணைச் சரமாக்க ‘மறை’, சரத்தை எண்ணாக்க ‘திற’ என்று இரண்டே ஃபங்ஷன் போதும். முகவரி உள்ளே வரும்போது திற. வெளியே போகும்போது மறை. நடுவில் உள்ள நிரல் முழுவதும் பழைய எண்ணோடே வேலை செய்யட்டும். திறந்து கிடைத்த எண்ணை மீண்டும் மறைத்து, அதே சரம் வராவிட்டால் ‘பக்கம் இல்லை’ என்று அனுப்பிவிடலாம். ‘திற’வுக்குள் இந்தச் சோதனையை ஒருமுறை எழுதினால் எல்லாப் பக்கத்துக்கும் ஆயிற்று.

ஆனாலும் ஸ்குவிட்ஸ் போட்ட முடிச்சைப் பொறுமைசாலி அவிழ்த்துவிடுவார். எனவே, ‘இந்தப் பதிவு இவருடையதுதானா?’ என்று சர்வர் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். தாம்பரம் மாணவர் கண்ணில் அடுத்தவர் டிக்கெட் பட்டது, அந்தக் கேள்வி கேட்கப்படாததால்தான்.