எராஸ்மஸின் கிரேக்க ஏற்பாடும் நமது தமிழ் வேதாகமமும்

கி.பி. 1516-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாசல் நகரத்து யோவான் புரோபனின் அச்சுக்கூடத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட நூலொன்று வெளிவந்தது. ஒரு பத்தியில் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலமும், அதனை அடுத்த பத்தியில் திருத்தப்பெற்ற இலத்தீன் மொழிபெயர்ப்பும், நூலிறுதியில் விரிவான குறிப்புரைகளும் அமைந்த அந்நூல், அச்சேறி விற்பனைக்கு வந்த முதற் கிரேக்கப் புதிய ஏற்பாடாகும். அதன் ஆசிரியர் ரோட்டர்டாம் நகரத்து எராஸ்மஸ். மறுமலர்ச்சிக் காலத்தைப் பற்றிப் பேசுவோர் கொலம்பஸின் கடற்பயணத்தையும் மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களையும் முதலிற் குறிப்பிடுவது வழக்கம். ஆயினும் நம் சபைகளில் ஞாயிறுதோறும் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தின் சொற்களிலேயே தன் சுவடுகளை விட்டுச் சென்றிருப்பது இப்பாசல் நூலேயாகும். அச்சுவடுகளுள் சில நமக்குப் பெரும் பேறு. சில, போதகர்கள் அறிந்திருக்க வேண்டிய பிழைகள். இவ்விரண்டையும் ஈண்டு ஆராய்வோம்.

எராஸ்மஸ் 1466-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தவர். குருவானவர் ஒருவருக்கு முறையற்ற விதமாய்ப் பிறந்த மகன் என்னும் இழிசொல் அவர் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தது. இளமையிலே அகுஸ்தீன் சபை மடமொன்றிற் சேர்ந்து, 1492-இல் குருப்பட்டம் பெற்றார். மடத்து வாழ்வு அவருக்கு ஒத்துவரவில்லை. பாரிஸ், இங்கிலாந்து, இத்தாலி என நாடு நாடாய் அலைந்து, எழுத்தினாலேயே பிழைத்தார். 1504-இல் லூவேன் நகருக்கு அருகிலுள்ள பார்க் என்னும் மடத்தின் நூலகத்தைத் துருவிக்கொண்டிருந்தபோது, பழைய கையெழுத்துப் பிரதியொன்று அவர் கைக்குக் கிட்டியது. 1457-இல் காலஞ்சென்ற இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா, ஜெரோமின் பெயரால் வழங்கிய இலத்தீன் வேதாகமத்தைக் கிரேக்கப் பிரதிகளுடன் ஒப்புநோக்கி எழுதிவைத்த குறிப்புகளே அவை. கான்ஸ்டன்டைன் பேரரசர் போப்பாண்டவருக்கு மேற்றிசை நாடுகளைத் தானமாய்க் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஆவணம் பொய்யானது என்பதை, அதன் இலத்தீன் நடையைக் கொண்டே 1440-இல் மெய்ப்பித்தவரும் இவ்வல்லாவே. சொல்லாராய்ச்சிக்கு எத்துணை வலிமை உண்டு என்பதை எராஸ்மஸ் இவரிடமிருந்து கற்றார். மறு ஆண்டே அக்குறிப்புகளைப் பாரிஸில் அச்சிட்டார். இறையியல் கற்றோர் கையாள வேண்டிய வேதத்தை இலக்கண ஆசிரியன் தொடலாமோ என்ற கேள்விக்கு, மொழிபெயர்த்தல் இலக்கணம் அறிந்தவன் தொழிலே என்பது அவர் தந்த விடையின் சாரம்.

பாசலில் அவர் செய்த வேலையின் முறையை அறிந்தாலன்றி அதன் பயனையும் பழுதையும் உணர இயலாது. அவ்வூரில் அவருக்குக் கிடைத்த கிரேக்கப் பிரதிகள் ஏழெட்டே. பெரும்பாலானவை தொமினிக்கன் மடத்து நூலகத்திற்கு உரியவை. அப்போஸ்தலர் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிற்பட்ட எழுத்துகள். சுவிசேஷங்களுக்கு அவர் அடிப்படையாய்க் கொண்ட பிரதியில் தம் கையாலேயே திருத்தங்களைக் குறித்து, அதையே அச்சுக்கோப்பவரிடம் கொடுத்துவிட்டார். அக்குறிகளோடு அப்பிரதி பாசல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதைவிடச் சிறந்த பிரதியொன்றும் அவர் கையருகே இருந்தது. மற்றவற்றோடு அது அதிகம் வேறுபட்டமையால் அதனை ஐயுற்று ஒதுக்கினார். அச்சுவேலை 1515 அக்டோபரில் தொடங்கி ஐந்து திங்களில் முடிந்தது. ஸ்பெயின் நாட்டில் கர்தினால் சிமெனஸின் மேற்பார்வையில் அச்சாகிய பன்மொழி வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டுப் பகுதி 1514-லேயே முடிந்துவிட்டது. ஆனால் போப்பாண்டவரின் இசைவுக்காக அது காத்துக் கிடந்தது. புரோபன் அதனை முந்திக்கொள்ள விரும்பினார் என்று கருத இடமுண்டு. விளைவு, எழுத்துப் பிழைகள் மலிந்த ஒரு நூல். வெளியிட்டதைவிட அவசரமாய்த் தள்ளிவிட்டதே உண்மை என்னும் பொருள்பட எராஸ்மஸே பின்னர் எழுதினார்.

வெளிப்படுத்தின விசேஷத்திற்கு அவரிடம் இருந்தது ஒரேயொரு பிரதி. அதுவும் ரொய்க்லின் என்னும் அறிஞருடையது. அதன் கடைசி ஏடு தொலைந்துபோயிருந்தது. எனவே 22-ஆம் அதிகாரத்தின் கடைசி ஆறு வசனங்களை இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்தில் பெயர்த்து ஒட்டவைத்தார். இதனை அவர் மறைக்கவில்லை, குறிப்புரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆயினும் 19-ஆம் வசனத்தில் ஒரு சிக்கல் நேர்ந்தது. கிரேக்கப் பிரதிகள், இந்நூலின் வசனங்களைக் குறைப்பவன் ஜீவவிருட்சத்தில் தன் பங்கை இழப்பான் என்கின்றன. இலத்தீனில் மரத்தைக் குறிக்கும் சொல் 'லிக்னோ'; புத்தகத்தைக் குறிக்கும் சொல் 'லிப்ரோ'. இலத்தீன் பிரதி எழுதியோர் ஒன்றை மற்றொன்றாய் எழுதிவிட்டனர். எராஸ்மஸ் அப்பிழையைக் கிரேக்கத்தில் பெயர்க்க, அச்சு நூலில் அது 'ஜீவபுஸ்தகம்' ஆயிற்று. 1527-இல் தம் நான்காம் பதிப்பை வெளியிட்டபோது, ஸ்பெயின் பதிப்பைப் பார்த்து வெளிப்படுத்தின விசேஷத்தில் பல இடங்களைத் திருத்தினார். இச்சொல் திருந்தாமலே நின்றது. ஸ்டீபனுஸ், பேசா முதலியோரின் பதிப்புகள் வழியாய் அது வழிவழி வந்து, நமது பழைய மொழிபெயர்ப்பிலும் 'ஜீவபுஸ்தகம்' என்றே நிற்கிறது. எதையும் கூட்டவும் குறைக்கவும் கூடாதென்று எச்சரிக்கும் வசனத்திலேயே இது நேர்ந்தமை விந்தையே.

இனி, பேறுகளைக் காண்போம். மத்தேயு சுவிசேஷத்தின் தொடக்கத்தில் யோவான் ஸ்நானனும் ஆண்டவரும் முழங்கும் அழைப்பின் கிரேக்கச் சொல் 'மெத்தனோயா' என்பதன் வினைவடிவமாகும். பழைய இலத்தீன் மொழிபெயர்ப்பு அதனைத் தவம் செய்யுங்கள் என்று பொருள்படும் சொற்களாற் பெயர்த்திருந்தது. அச்சொற்களின்மேல் நூற்றாண்டுக் கணக்கில் ஒரு முழு அமைப்பே எழுந்தது: பாவ அறிக்கை, குரு விதிக்கும் ஒறுத்தல், அவ்வொறுத்தலைக் குறைக்கும் பாவமன்னிப்புச் சீட்டு. கிரேக்கச் சொல்லிலோ ஒறுத்தலுக்கு இடமில்லை; புத்தி தெளிந்து மனம் மீளுதலே அதன் பொருள் என்று எராஸ்மஸ் குறிப்புரையில் விளக்கினார். விற்றன்பர்க்கில் இருந்த துறவி மார்ட்டின் லுத்தர் இந்நூலை வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். 1517 அக்டோபர் 31-இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகளுள் முதலாவது, ஆண்டவர் அவ்வழைப்பை விடுத்தபோது விசுவாசியின் வாழ்வு முழுவதுமே மனந்திரும்புதலாய் இருக்க வேண்டுமென்று கருதினார் என்பது. கிரேக்கமும் எபிரெயமும் அறிந்தோரிடமிருந்து இச்சொல்லின் பொருளைக் கற்றதையும், அதனால் தமக்கு உண்டான ஆறுதலையும் 1518 மே திங்களில் தம் ஞானத் தகப்பனாகிய ஸ்டவ்பிட்சுக்கு அவர் எழுதினார். 'மனந்திரும்புதல்' என்னும் நம் தமிழ்ச் சொல், மனம் என்பதையும் திரும்புதல் என்பதையும் இணைத்து, எராஸ்மஸ் இலத்தீனில் தேடித் தவித்த பொருளை எளிதாய்த் தந்துவிடுகிறது என்பது எம் கருத்து.

தேவதூதன் மரியாளை வாழ்த்திய சொல்லும் அவ்வாறே. பழைய இலத்தீன் அவளைக் கிருபையால் நிறைந்தவள் என்றது. எராஸ்மஸ் அதனை மாற்றி, தயவு பெற்றவள் என்ற பொருளைத் தந்தார். நம் தமிழில் 'கிருபை பெற்றவள்' என்று வாசிக்கிறோம். எபேசியர் நிருபத்தில் திருமணத்தைக் குறித்த பகுதியில் சாக்கிரமெந்து என்று இலத்தீனில் இருந்த சொல், கிரேக்கத்தில் 'இரகசியம்' என்றே பொருள்படும் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். ஒரு சொல் மாறினால் ஒரு கோட்பாட்டின் தூண் அசையும் என்பதை அவருடைய எதிரிகள் அவரைவிட விரைவில் உணர்ந்தனர்.

எதிர்ப்பு மிகக் கடுமையாய் எழுந்த இடம் 1 யோவான் 5:7. பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய தொடர் இலத்தீன் பிரதிகளில் இருந்தது. எராஸ்மஸ் பார்த்த கிரேக்கப் பிரதி எதிலும் இல்லை. ஆகவே 1516, 1519 ஆகிய இரு பதிப்புகளிலும் அதனை விட்டுவிட்டார். ஆங்கிலேயராகிய எட்வர்ட் லீயும், ஸ்பெயின் நாட்டு ஸ்டூனிக்காவும் அவரை வன்மையாய்த் தாக்கினர். ஆரியு மதத்திற்கு வாசல் திறக்கிறார் என்னும் பழி எழுந்தது. அக்காலத்தில் இப்பழி விளையாட்டன்று. உயிரையே வாங்கக் கூடியது. இந்நிலையில் இத்தொடரைக் கொண்ட கிரேக்கப் பிரதியொன்று இங்கிலாந்திலிருந்து காட்டப்பட்டது. இன்று டப்ளின் திரித்துவக் கல்லூரியில் இருக்கும் அப்பிரதி, எராஸ்மஸின் காலத்திலேயே எழுதப்பட்டது; கிரேக்கத்தில் வரவேண்டிய சுட்டுச் சொற்கள் அத்தொடரில் இல்லாமையே, அது இலத்தீனிலிருந்து பெயர்க்கப்பட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. 1522-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் எராஸ்மஸ் அதனைச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு கிரேக்கப் பிரதியேனும் காட்டினால் சேர்ப்பேன் என்று அவர் வாக்களித்தார், வாக்கைக் காத்தார் என்றொரு கதை நம் வகுப்பறைகளிலும் சொல்லப்பட்டு வருகிறது. லெய்டன் அறிஞர் எச். ஜே. டி யோங்கே 1980-இல் ஆராய்ந்து, அத்தகைய வாக்குறுதிக்கு எராஸ்மஸின் எழுத்தில் ஆதாரமில்லை என்று காட்டினார். எவரும் தம்மைப் பழிதூற்ற இடங்கொடாதிருக்கவே சேர்த்ததாக எராஸ்மஸ் தாமே கூறுகிறார். கதையைவிட உண்மை மனிதத்தன்மை மிக்கது, அழகு குறைந்தது.

திரித்துவக் கோட்பாடு இவ்வசனத்தால் நிற்பதன்று என்பதை நம் மாணவர் தெளிவாய் அறிதல் வேண்டும். 325-இல் நைசியாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் கூடிய பிதாக்கள் இவ்வசனத்தை எடுத்தாளவில்லை. அவர்களுடைய கிரேக்க வேதத்தில் அது இருந்திருந்தால், ஆரியுவுக்கு எதிராக முதலில் அதனையே காட்டியிருப்பர். லுத்தர்கூடத் தம் வாழ்நாளில் வெளிவந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு எதிலும் இதனைச் சேர்க்கவில்லை. அவர் அடிப்படையாய்க் கொண்டது எராஸ்மஸின் 1519-ஆம் ஆண்டுப் பதிப்பு.

லுத்தருக்கு இத்துணை உதவிய மனிதர் ஏன் அவரோடு சேரவில்லை? 1521-இல் லுத்தர் கொல்லப்பட்டார் என்ற வதந்தி பரவியபோது, ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் தம் நாட்குறிப்பில் எராஸ்மஸை விளித்து, சத்தியத்திற்காக முன்வரும்படி மன்றாடியிருக்கிறார். எராஸ்மஸ் முன்வரவில்லை. 1524-இல் மனிதனின் சுயாதீன சித்தத்தை ஆதரித்து எழுதினார். லுத்தர் மறு ஆண்டு இறுதியில் அதனை மறுத்தெழுதினார். போப்பாண்டவர், உத்தரிக்கும் ஸ்தலம் போன்றவற்றைப் பற்றிப் பிதற்றாமல், வாதத்தின் உயிர்நிலையைத் தொட்டவர் எராஸ்மஸ் ஒருவரே என்று அம்மறுப்பிலேயே லுத்தர் பாராட்டவும் செய்தார். எராஸ்மஸைக் கோழை என்று கூறுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அதில் ஓரளவு உண்மை உண்டு. அவரே தமக்கு இரத்தசாட்சியாகும் வலிமை இல்லை என்று கருதியவர். ஆனால் பிளவுபட்ட திருச்சபையைக் கண்டு அஞ்சியதும், அச்சத்தின் நடுவிலும் தம் பிரதிகளை இறுதிவரை திருத்திக்கொண்டிருந்ததும் ஒரே மனிதரே. உழவனும் நெசவாளனும் வேலைக்கிடையே வேத வசனங்களைப் பாட வேண்டுமென்று முகவுரையில் ஆசைப்பட்டவர், அதனையும் இலத்தீனிலேதான் எழுதினார் என்பது வேறு.

1535-இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டு, 1536 ஜூலை 12-இல் பாசலில் உயிர்துறந்தார். போப்பாண்டவர் சபையை விட்டு விலகாத அவருடைய உடல், சீர்திருத்தம் ஏற்றிருந்த பாசல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1559-இல் ரோமையில் வெளியான தடைநூற் பட்டியலில் அவருடைய நூல்கள் யாவும் இடம்பெற்றன.

அவர் வகுத்த பாடமே 1633-இல் எல்செவிர் பதிப்பகத்தார் இட்ட பெயரால், ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடம் என வழங்கலாயிற்று. தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு, கிரேக்கத்திலிருந்து தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடும், 1871-இல் நிறைவெய்திய ஹென்றி பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பும் அப்பாடத்தின் ஆட்சிக் காலத்திலேயே உருவாயின. பழம்பிரதிகளின் துணைகொண்டு வெஸ்ட்காட், ஹோர்ட் ஆகியோர் அமைத்த கிரேக்கப் பாடம் வெளிவந்தது அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1881-இல். எனவேதான் பவர் மொழிபெயர்ப்பில் பரலோகச் சாட்சிகளும் ஜீவபுஸ்தகமும் இடம்பெற்றுள்ளன. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் முன்னதை விட்டு, பின்னதற்கு மரத்தை மீட்டிருக்கிறது. இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்து வாசிக்கும் வாலிபர், வேதத்தில் வசனம் எப்படிக் குறையும் என்று போதகரிடம் கேட்கின்றனர். அவர்களுக்குப் பாசல் அச்சுக்கூடத்தின் அந்த ஐந்து திங்களையும், தொலைந்துபோன அந்த ஓர் ஏட்டையும் விளக்கிச் சொல்ல அரைமணி நேரம் போதும்.