ஓர் ஆள் குறைந்தால் காந்தம்

கல் விற்கும் கடைகளில் பொன்னைப் போலத் தகதகக்கும் கட்டியொன்று கிடைக்கும். அதன் பெயர் பைரைட். தங்கமென்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம். இரும்பு கலந்த கல்தானே என்று காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் அது சட்டை செய்யாது. வெண்கல நிறத்தில் மங்கிக் கிடக்கும் பைரோடைட் என்ற இன்னொரு கல்லைப் பொடித்துக் காந்தத்தைக் காட்டுங்கள். காந்தத்துக்கு மீசை முளைத்தாற்போல் தூள் ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பவை இரும்பும் கந்தகமும்தான்.

பைரைட்டில் இரும்பு அணுவின் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துவிடுகின்றன. அணுவுக்கென்று காந்தம் மிஞ்சுவதில்லை. பைரோடைட்டில் ஒவ்வோர் இரும்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அவை அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. ஓர் அடுக்கு வடக்கே பார்த்தால் அடுத்த அடுக்கு தெற்கே பார்க்கும். சம பலமுள்ள இரண்டு அணிகள் வடம் இழுப்பதைப் போல, கயிறு நகரக்கூடாது. விண்கற்களில் காணப்படும் ட்ராய்லைட் என்ற கனிமத்தில் இரும்பும் கந்தகமும் சரிக்குச் சரி என்பதால் அப்படித்தான் நடக்கிறது.

பைரோடைட்டிலோ 8 கந்தகத்துக்கு 7 இரும்புதான். ஓரிடம் காலி. அந்தக் காலி இடங்கள் கண்டபடி சிதறாமல், ஒன்றுவிட்ட அடுக்குகளில் மட்டும் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் 4 பேர், எதிர்ப்பக்கம் 3 பேர். கயிறு நகர்ந்துவிடுகிறது. இப்படிச் சமனில்லாத அணிகளால் பிறக்கும் காந்தத்தன்மையை 1948-இல் விளக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நேல். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவுக்குத் தாளும் பென்சிலும் போதும். கல்லைச் சூடாக்கும்போதுதான் கணினி தேவைப்படுகிறது. வெப்பம் ஏற ஏற ஒவ்வோர் அணுவும் தன் போக்கில் திமிறும். பக்கத்து அணுக்கள் அதை இழுத்துப் பிடிக்கும். இதை மான்டி கார்லோ முறையில் கணக்கிடலாம். சூதாட்ட விடுதிக்குப் பேர்போன ஊரின் பெயர் அது. முறையின் உயிரும் பகடைதான். கணினி ஏதோவோர் இரும்பு அணுவைத் தேர்ந்து அதன் காந்தத்தைத் திருப்பிப் பார்க்கும். ஆற்றல் குறைந்தால் அப்படியே விட்டுவிடும். கூடினால் உடனே தள்ளிவிடாது, பகடையை உருட்டும். வெப்பநிலை உயர உயர, செலவு பிடிக்கும் திருப்பங்களுக்கும் அனுமதி கிடைப்பது சுலபமாகும். இதைக் கோடிக்கணக்கான முறை செய்தால் கல்லின் போக்கு தெரியவரும். இந்த விதியை 1953-இல் இயற்பியலாளர் மெட்ரோபோலிஸும் கூட்டாளிகளும் வெளியிட்டார்கள்.

கணினியில் அமைக்கும் மாதிரிக்குள் இருப்பது சில ஆயிரம் அணுக்கள்தான். ஓரத்து அணுவுக்குப் பக்கத்து வீடு இல்லாமல் போகக்கூடாதே! அதனால் ஓரங்களை ஒட்டவைத்துவிடுவார்கள். பழைய கைப்பேசி விளையாட்டில் வலப்புறம் மறையும் பாம்பு இடப்புறம் தலைநீட்டுமே, அதே உத்தி.

பைரோடைட் சுமார் 320 டிகிரி செல்சியஸில் காந்தத்தை இழக்கும். மாதிரியும் அதே எண்ணைக் காட்டினால் பெரிதாக மெச்ச வேண்டியதில்லை. அணுக்களுக்கிடையிலான இழுவிசையை அதற்கேற்ப நாமே முடுக்கிவிடலாம். உண்மையான பரீட்சை வேறு.

பைரோடைட்டுக்கு இரும்பு சற்றே கூடிய உறவினர் ஒன்று உண்டு: 10 கந்தகத்துக்கு 9 இரும்பு. அதில் காலி இடங்கள் இரண்டு அணிகளிலும் சமமாகப் பங்கிடப்பட்டிருப்பதால் அறை வெப்பநிலையில் காந்தம் இல்லை. ஆனால் 200 டிகிரியைத் தாண்டியதும் காந்தம் தலைகாட்டுகிறது! இன்னும் சூடாக்கினால் மறைகிறது. சூடு காந்தத்தைக் கெடுக்கும் என்று பள்ளியில் படித்தவர்களுக்கு இது விசித்திரம்தான்.

காந்தங்களை மட்டும் திருப்பிக்கொண்டிருக்கும் மாதிரியில் இது வரவே வராது. அணுக்கள் இடம் மாறவும் விட வேண்டும். பக்கத்துக் காலி இடத்துக்கு ஓர் இரும்பு தாவினால், அது விட்டுவந்த இடம் காலியாகும். சூட்டில் தாவல்கள் பெருகி, காலி இடங்கள் ஒரே அணியின் பக்கம் சாய்ந்ததும் கயிறு நகர்கிறது.

காந்தம் திரும்புவது கண்ணிமைப்பதைவிட வேகமான வேலை. இரும்பு இடம் மாறுவதற்குச் சூடும் வேண்டும், அவகாசமும் வேண்டும். அந்தச் சூட்டிலிருந்து கல்லைச் சட்டென்று குளிரவைத்தால், பழைய இருக்கைக்குத் திரும்ப வழியில்லாமல் அணுக்கள் அங்கங்கே அகப்பட்டுக்கொள்ளும். அறை வெப்பநிலையில் காந்தமே இல்லாதிருந்த கல், இப்போது அதே வெப்பநிலையில் காந்தமாகவே இருக்கும்.